புக்காவ் இல்லை

பத்து பாகாட் நகரத்துப் பஸ் நிலையத்தில், பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தன் தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள் கஸ்தூரி. கேட்டவர்கள் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினார்கள்: புக்காவ். ஆளை மயக்கிக் கொள்ளையடிக்கும் வித்தைக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர். நகையைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்த எத்தனையோ பேருக்கு இந்த வார்த்தைதான் கை கொடுத்திருக்கிறது.

கஸ்தூரி ரெங்கம் தோட்டத்தில் பிறந்தவள். இங்கே சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். அதிர்ந்து பேசத் தெரியாது. வீட்டில் என்ன கறி, அவள் என்ன சேலை, எல்லாம் கணவன் செல்லப்பன் வைத்ததுதான் சட்டம். "புக்காவா போச்சு. இல்லன்னா ஒன்ன கொன்னுருப்பேன்லா," என்று சிரித்தான். யாரோ ஒருத்தியிடம் கொடுத்தது தவிர அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

திருடியின் முகம் ஞாபகம் வரட்டும் என்று, மனோவசிய சிகிச்சை செய்யும் ரீத்தாவிடம் அவனே கூட்டிப்போனான். ரீத்தா அவனை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

"பயப்படாதீங்கக்கா, மந்திரம் இல்ல. அந்தக் காலத்துல வைத்தியர் கையிலேர்ந்து காந்த சக்தி பாஞ்சு ஆள மயக்குதுன்னு நம்புனாங்க. அப்புறம் கோவாவுல பொறந்த பாதிரியார் ஒருத்தர் பாரிசுக்குப் போயி, 'எங்கிட்ட ஒரு சக்தியும் இல்ல, எல்லாம் ஒங்க மனசுலதான்'னாரு. கேலி பண்ணாங்க. அந்தச் சண்ட இன்னும் தீரல. நான் பாதிரியார் கட்சி."

கஸ்தூரி கண்ணை மூடினாள். ரீத்தாவின் குரலோடு மெல்ல இறங்கினாள். பஸ் நிலையம் வந்தது. பக்கத்தில் ஒருத்தி. மயக்கப் பொடி ஊதவில்லை, தொடவுமில்லை. கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த இவளைப் பார்த்து, "வலிக்குதாக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அப்படி யார் கேட்டார்கள்? இவள் கை தானாகப் பின்னால் போய்க் கொக்கியைக் கழற்றிற்று. சங்கிலியை அவள் மடியில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். பாவம், அவள்தான் பதறிப்போய் "அக்கா, அக்கா" என்று பின்னால் ஓடிவந்தாள். இவள் திரும்பியே பார்க்கவில்லை.

தூக்கிவாரிப் போட்டது. நானா? நானேவா? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ரீத்தா தண்ணீர் கொடுத்தாள்.

செல்லப்பன் சிரித்தபடி கதவைத் திறந்தான். கையில் புதுச் சங்கிலிப் பெட்டி. வெள்ளிக்கிழமை கோயிலில் திரும்பக் கட்டுவதாக ஏற்பாடு.

"மொகம் தெரிஞ்சிச்சா?"

புக்காவ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

"யாரும் புக்காவ் போடல. நாந்தான் கழட்டிக் குடுத்தேன். வெள்ளிக்கெழம நான் வரலங்க."

அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கஸ்தூரிக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி: அவள் குரல் நடுங்கவே இல்லை.