இடப்பக்கம் மலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்கள். ஆதிலட்சுமி பெடலைச் சுற்ற, கோதண்டராமன் கண்ணி கண்ணியாகச் சொட்டு விட்டார். நாளைக்கு பஸ் ஷெட்டுக்குப் போய் போர்டைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். இரண்டு வருடமாக இதே பேச்சு. சைக்கிளை எடுத்தது மட்டும் இதுதான் முதல் தடவை.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் டைம்கீப்பராக இருந்தவர் அவர். எண்பத்து நாலில், சித்ரா பௌர்ணமியன்று நடக்க முடியாதவர்களை ஏற்றி மலையைச் சுற்றிவர ஸ்பெஷல் பஸ் விடலாம் என்று முதலாளியிடம் அவராகவே போய்ச் சொன்னார். நடப்பவர்களைப் பஸ் பின்னாலிருந்து இடித்துவிடுமோ என்று ஒரே பயம். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த மகளைக் கேட்டார். எதிர்த்திசையில் விட்டால் எல்லோரும் பஸ்ஸைப் பார்த்து ஒதுங்குவார்கள் என்றாள். வரைபடத்தில் அம்புக்குறியும் அவளே போட்டாள். மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்பது இருவருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். அது நடப்பவர்களுக்கு என்று நினைத்துவிட்டார்கள்.

பஸ் நிறைந்துதான் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு கிழவி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இது சாவுக்குச் சுத்துற சுத்துப்பா. நிறுத்து."

மொத்தப் பேரும் இறங்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. மீதி ஏழெட்டு மைலும் காலி பஸ்ஸின் முன்சீட்டில் கோதண்டராமன் உட்கார்ந்து வந்தார். மகள் சொன்னபடியே எல்லோரும் பஸ்ஸைப் பார்த்தார்கள்.

முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஃபோர்மேன் பலராமன் மட்டும், "டைம்கீப்பரே, உங்க வாட்ச்சாவது நேரா ஓடுதா?" என்றார். ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த மாதம் வேலையை விட்டார். 'கிரிவலம் ஸ்பெஷல்' என்று எழுதிய தகர போர்டை, வேறு யார் கண்ணிலும் படக்கூடாதென்று பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினார். கம்பெனிப் பொருளைத் திருடியதாகவே அதை நினைத்தார். ஷெட் இருக்கும் தெருப் பக்கமே பிறகு போகவில்லை.

ஒரு தீபாவளிக்கு வந்த மாமா, யார் கொடுத்த யோசனை அது என்று கேட்டார். "என் புத்திதான்" என்றார் கோதண்டராமன். பக்கத்தில் நின்றிருந்த ஆதிலட்சுமி காபி டம்ளரை மாமாவிடம் நீட்டினாள்.

சைக்கிளுக்கு எண்ணெய் விட்ட மறுநாள், திங்கட்கிழமை விடியும்போது அவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்த மறுநாள் அவள் போர்டை வெளியே எடுத்தாள். சைக்கிள் கேரியரில் அப்பா ஞாயிறு மாலையே கயிறு கட்டி வைத்திருந்தார். ஷெட்டில் போர்டை இறக்கினால், அம்புக்குறி போட்டது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போர்டு மறுபடியும் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. கயிற்றை அவள் அவிழ்க்கவில்லை.