படுத்துக்கொண்டு பார்த்த மாடம்பாக்கம்

பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் ஏறியதும் பாச்சை உருண்டை மணந்தது. எதிர் இருக்கைப் பெண்மணி ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார் போல. பீரோவிலிருந்து நேராக உடம்புக்கு வந்த பட்டு. அந்த மணம் என்னை நான் கிளம்பி வந்த பெரம்பூருக்கே திருப்பிக் கொண்டுபோனது. வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் முட்டிவரை நின்ற வருடம், சுவரைக் கழுவி, தரையைக் கழுவி, கடைசியில் மூலைக்கு மூலை பாச்சை உருண்டை போட்டு வைத்தோம். இரண்டு மூன்று நாள் வீடு ஜவுளிக்கடை மாதிரி மணந்தது. பிறகு அந்த மணத்துக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்தது சேறு. அன்றிலிருந்து எங்கே நல்ல வாசனை அடித்தாலும், அடியில் என்ன இருக்கிறது என்றுதான் என் மூக்கு கேட்கிறது. அந்த மூக்கை நம்பித்தான் பழைய வண்டி வாங்கப் புறப்பட்டிருந்தேன்.

சாதாரண வண்டி இல்லை. உள்ளே கட்டில் போட்ட வேன். விளம்பரங்களில் கேம்பர் என்கிறார்கள். என் மனைவி வசந்தாவுக்கு முதுகெலும்பில் இரண்டு தட்டுகள் நகர்ந்துவிட்டன. நிற்பாள், கொஞ்சம் நடப்பாள், படுப்பாள். உட்கார மட்டும் முடியாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அன்றைய இரவு போய்விடும். பஸ், ரயில், கார் எல்லாமே உட்கார்ந்துகொண்டு போகிறவர்களுக்காகச் செய்தவை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வருடமாக ஆஸ்பத்திரி தவிர அவள் எங்கும் போகவில்லை. எந்த ஊருக்குப் போகலாம் என்று ஒருநாள் கேட்டேன். "ஊர் எதுவா இருந்தா என்னங்க? எனக்கு மேல இருக்கிற சீலிங் மாறினா போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை கைப்பேசியில் விளம்பரம் விளம்பரமாக நகர்ந்தது. 'உண்மையாக வாங்குபவர்கள் மட்டும் அழைக்கவும்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையாக விற்பவர்கள் யார் என்று எவரும் எழுதுவதில்லை. ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒரு குரல், வண்டியை லாரியில் ஏற்றி அனுப்ப முதலில் பணம் போடச் சொன்னது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி நிற்கும் இடம் கிழக்குத் தாம்பரம் என்று போட்டிருந்தது. பின்னணியில் பனிமலை.

எட்டு மணி சுமாருக்குத் தாம்பரம். பத்து ரூபாய் டிக்கெட்டில் நகரத்தின் முழு முதுகையும் பார்த்துவிடலாம். நடைமேம்பாலத்தில் ஏறினால் மேற்கே ஜி.எஸ்.டி. சாலையும் தெற்கே போகும் பஸ்களின் இரைச்சலும், கிழக்கே கல்லூரிப் பக்கத்து மரங்களும். பாலத்தின் நடுவில் நின்று எல்லோரும் எதிர்த்திசையில் போவதைப் பார்த்தேன். எங்கிருந்தாலும் இன்னோர் இடத்துக்குப் போகத் துடிக்கும் கால்கள் என்னுடையவை. அவற்றை இரண்டு வருடம் கட்டிலோரத்தில் மடக்கி வைத்திருந்தேன். மேற்கே இறங்கினேன்.

இரும்புலியூருக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். மேம்பாலத்துக்கு அடியில் நிற்பதாகச் சொன்ன பாஸ்கர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு கைப்பேசி. விளம்பரத்தில் தன்னை உரிமையாளர் என்று போட்டிருந்தவர், என் வண்டி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "நம்ம வண்டி" என்றார்.

"நெட்ல போட்டா மாதிரியே கீது பாருங்க சார். ஒரு சொல்லு மாறாது."

விளம்பரம் எனக்கு மனப்பாடம். ஒரே ஓனர். நகருக்குள் மட்டும் ஓடியது. வேகமாக ஓட்டப்பட்டதே இல்லை. உள்ளே சமைத்ததில்லை. ஆறடிக்கு மேல் நீளமான படுக்கை வசதி. விலை மூன்றேகால் லட்சம், சற்றுக் குறைக்கப்படும்.

பின்கதவைத் திறந்தார். மல்லிகை சென்ட் முகத்தில் அறைந்தது. என் மூக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டது. தரையில் நீளவாட்டில் இரண்டு வரிசையாக எஃகு உருளைகள், மேலே புது மெத்தை.

"இது எதுக்குங்க, இந்த உருளை?"

"பொட்டிய ஏத்தி எறக்க சார். லக்கேஜி."

வெளியே வந்து பக்கவாட்டைப் பார்த்தேன். புதிதாக அடித்த நீலம். பாலத்தின் நிழல் விலகி வெயில் சாய்வாக விழுந்தபோது, நீலத்துக்கு அடியில் பழைய எழுத்துகள் மேடாகத் தெரிந்தன.

"இங்க என்ன எழுதியிருந்தது?"

"டிராவல்ஸ் பேரு சார்."

"எந்த டிராவல்ஸ்?"

"லோக்கல்தான்."

விரலால் தடவி வாசித்தேன். அமரர் ஊர்தி.

பாஸ்கர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் இன்னா சார் பொய் சொன்னேன்? வேகமா ஓட்னதில்லனு போட்டேன். ஓட்டுவாங்களா? படுக்க வசதின்னு போட்டேன். இதுல போன ஒருத்தராவது இதுவரிக்கும் கம்ப்ளெயின்ட் பண்ணிக்கீறாங்களா, நீங்களே சொல்லுங்க."

நான் நகர்ந்தேன். பின்னாலேயே வந்தார். "நாளிக்கு சனிக்கிழமை சார், இரும்பு கை மாறக்கூடாது. இன்னிக்கே டோக்கன் போட்டுக்கினு போய்டுங்க."

ஓரமாக நின்று வசந்தாவை அழைத்துச் சொன்னேன். கைப்பேசி கட்டிலில் புரளும் சத்தம் கேட்டது. சிரிக்கிறாள். சிரித்தால் முதுகு பிடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அந்த வண்டிக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லுங்க" என்றாள்.

பொய் சொல்லி ஏமாற்றுகிறவனைப் பிடித்துவிடலாம். உண்மையை மட்டுமே சொல்லி ஏமாற்றுகிறவனை எப்படிப் பிடிப்பது? மறுபடி தாம்பரம் வந்து, கிழக்குப் பக்கம் போய், சேலையூர் வழியாக மாடம்பாக்கம் போகிற ஆட்டோவில் தொற்றிக்கொண்டபோது எனக்கு எல்லாம் அமரர் ஊர்தியாகத் தெரிந்தது. பிளாட் விற்கிற பலகைகளில் 'ஏரி பார்த்த வீடு' என்றிருந்தது. ஏரியில் கட்டிய வீடோ என்று நினைத்தேன்.

பத்தரை மணிக்கு மாடம்பாக்கம் கோயில் தெருவில் இறங்கினேன். யானை படுத்திருப்பது போன்ற முதுகுடன் பழைய விமானம். அது சோழர் காலத்திலிருந்து படுத்திருக்கிறது, யாரும் எழுப்பவில்லை. எதிரே டீக்கடை. டீ பதினைந்து ரூபாய். அடுத்த விளம்பரத்தைப் போட்டிருந்த ஸ்டெல்லா டீச்சர் வீடு எது, வண்டி பார்க்க வந்தேன் என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "டீச்சர் வூட்டு வேனா? அந்தத் தண்ணி வண்டிதானே சார்? இந்த ஏரியாக்கே தெரியும். ரெண்டாவது லெப்டு."

பெஞ்சில் இருந்தவர் சிரித்தார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சென்னையில் தண்ணி வண்டி என்றால் தண்ணீர் லாரி. குடிகாரரையும் அப்படித்தான் சொல்வார்கள். பழைய வண்டி வாங்க அலைகிறவனுக்கு அதில் மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டு: வெள்ளத்தில் நின்ற வண்டி. முங்கி எழுந்து, கழுவித் துடைத்து, விளம்பரத்துக்கு வந்தது. முதல் இரண்டையும் நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டுச் சேறு என் தொண்டைக்கு வந்துவிட்டது.

ஸ்டெல்லா டீச்சர் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டைப் பாதிதான் திறந்தார். திறந்த பாதியில் நின்றுகொண்டார்.

"புரோக்கரா?"

"இல்லைங்க. வீட்டுக்குத்தான்."

"எல்லாரும் வீட்டுக்குத்தான்னு சொல்றாங்க. வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?"

திடுக்கிட்டேன். "மனைவிக்கு. உங்களுக்கு எப்படி..."

"வர்ற எல்லார் வீட்லயும் யாருக்காவது உடம்பு சரியில்ல. விலை குறைக்கணும்ல."

அவர் கணவர் ஜெயசீலன் மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். சாவியோடு வந்து கதவைத் திறந்தார். உள்ளே ஒட்டுப்பலகைக் கட்டில், ஓர் அடுப்புப் பலகை, ஜன்னலுக்குக் கொசுவலை. மூக்கை நீட்டினேன். எந்த வாசனையும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மண்டியிட்டு விரிப்பைத் தூக்கினேன். தகரத் தரை முழுக்கத் துரு.

வசந்தாவை வீடியோவில் அழைத்து, காட்டினேன். துருவைக் காட்டினேன், கட்டிலின் அடியைக் காட்டினேன், ஒவ்வொரு திருகாணியாகக் காட்டினேன்.

"நீங்க வண்டி பாக்கப் போனீங்களா, திருடனப் புடிக்கப் போனீங்களா?" என்றாள்.

நான் எழுந்து கேட்டேவிட்டேன். "டீச்சர், எந்த வெள்ளத்துல நின்ன வண்டி இது?"

"யார் சொன்னது?"

"டீக்கடையில. தண்ணி வண்டின்னு."

ஸ்டெல்லா டீச்சர் கணவரைப் பார்த்தார். ஜெயசீலன் தரையைப் பார்த்தார்.

"எங்க சபையில இவர் மதுவிலக்கு சங்கத்துக்குச் செயலாளர்" என்றார் டீச்சர். "சாக்லேட்ல ரம் வாசனை வந்தாக்கூடத் துப்பிடுவார். இந்த ஏரியாவுல இவர் பேர் தண்ணி வண்டி. பிஷப் வந்த அன்னிக்கு அந்த டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். தண்ணி வண்டி வீடா, ரெண்டாவது லெப்டுன்னு."

ஒரு கோடையில் தெருவில் யார் வீட்டு போரிலும் தண்ணீர் இல்லையாம். அப்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த இந்த வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, வேங்கைவாசலில் ஒரு நண்பரின் கிணற்றிலிருந்து டிரம்மில் தண்ணீர் கொண்டுவந்து தெருவுக்கு ஊற்றியிருக்கிறார் ஜெயசீலன். மழை வந்தது. பேர் போகவில்லை.

ஜெயசீலன் முதல் தடவையாகப் பேசினார். "வெள்ளத்துல நின்னா கோடு விழும் சார். பக்கவாட்டுல, ஒரே மட்டமா. கீழ நல்லா பாருங்க."

குனிந்தேன். துரு வளையம் வளையமாக இருந்தது. டிரம் வைத்த இடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. பக்கவாட்டில் கோடு இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது கோடு. சுண்ணாம்பு அடித்தும் போகாத கோடு.

நம்பினேனா? பாதி. காலையில் ஒருவர் எல்லா உண்மையும் சொல்லியிருந்தாரே.

"ஏன் விக்கறீங்க?" என்றேன்.

"ரிட்டயர் ஆனதும் கட்டில் போட்டு ஊர் ஊராப் போனோம்" என்றார் டீச்சர். "கொடைக்கானல், ஏற்காடு, வேளாங்கண்ணி. எங்க போனாலும் இவர் ராத்திரி பூரா ஸ்டியரிங்ல உக்காந்துக்கறார். யாராவது கதவத் தட்டுவாங்களாம். யாரும் தட்டல. அதுதான் இன்னும் பயமா இருக்காம்."

இப்படி ஒரு காரணத்தை யாராலும் விளம்பரத்துக்காகக் கற்பனை செய்ய முடியாது. என்னைப் போல ஒருவர். முக்கால்வாசி நம்பினேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வசந்தா கைப்பேசியிலிருந்து சொன்னாள். "நீங்க படுங்க. அவர் ஓட்டட்டும். போனை மேல பாத்த மாதிரி புடிங்க."

படுத்தேன். வண்டி கிளம்பியது. ஜன்னலிலிருந்து தெருக்கள் போய்விட்டன. மனிதர்கள் இடுப்போடும் தோளோடும் போய்விட்டார்கள். நகரத்தின் உச்சி மட்டும் மிச்சம். கம்பிகள் பிரிந்தும் சேர்ந்தும் கூடவே ஓடின. மொட்டை மாடிகளில் கறுப்புத் தொட்டிகள், யாரோ ஒருவரின் ஈரப் புடவை, விளம்பரப் பலகைகளின் எழுத்தில்லாத பின்பக்கம். ஏரிக்கரையில் திடீரென்று எதுவுமே இல்லை, வெறும் வானம். அதில் வயிறு காட்டி இறங்கிக்கொண்டிருந்தது ஒரு விமானம். வேகத்தடைகளில் ஜெயசீலன் வண்டியைத் தூளியை ஆட்டுவது போல ஏற்றி இறக்கினார். என் முதுகு எண்ணிப் பார்த்தது, குறை சொல்லவில்லை.

கையை உயர்த்திக் கைப்பேசியை ஜன்னலோடு ஒட்டிப் பிடித்திருந்ததால் வசந்தாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று இறக்கை மின்விசிறியும், அதைச் சுற்றி நான் வண்ணம் அடிக்காமல் விட்ட வட்டமும் நினைவுக்கு வந்தன. அந்தக் கட்டிலில் நான் ஒருநாளும் மல்லாந்து அவள் பார்ப்பதைப் பார்த்ததில்லை.

"இப்ப போச்சே, ஒயர்ல ஒரு மைனா" என்றது கைப்பேசி. "ஒருதடவ திருப்பி ஓட்டச் சொல்லுங்களேன்."

ஜெயசீலனுக்குக் கேட்டுவிட்டது. நான் சொல்லும் முன்பே திருப்பினார். மைனா இல்லை. அதே கம்பியில் ஒரு காக்கை இருந்தது. பரவாயில்லை என்றாள்.

டீச்சர் வீட்டு வாசலில் இறங்கியபோது மதியம். விளம்பரத்தில் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். பேரம் பேச வாய் வரவில்லை. டோக்கன் ஐயாயிரத்து ஒன்று போடுகிறேன் என்றேன்.

"வேணாம்" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

டோக்கன் வேண்டாம் என்கிற விற்பனையாளரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதிக விலைக்கு வேறு ஆள் இருக்கிறானோ என்று மனம் ஓடியது. அவர் மனம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. "போன்ல யார வேணாலும் படுக்கவெச்சுக் காட்டலாம். போன மாசம் ஒரு புரோக்கர் அவங்க அம்மான்னு காட்டினார். பின்னால ஆஸ்பத்திரி பெட்டுன்னார். விலை எழுதின ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது, கட்டில் கடை." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நாங்களே வண்டிய எடுத்துட்டுப் பெரம்பூர் வர்றோம். அவங்க படுத்துப் பாக்கட்டும். அப்புறம் பேசலாம். அட்ரஸ் மட்டும் ஒழுங்கா குடுங்க. ஒருத்தர் குடுத்த அட்ரஸுக்குப் போய்ப் பாத்தா அங்க டிரான்ஸ்பார்மர் நிக்குது."

எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கியவன், நின்று, சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னேன். "டீச்சர், எங்க வீட்டுக்கு நேர் எதிர்லயும் ஒரு டிரான்ஸ்பார்மர்தான் இருக்கு."

டீச்சர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட் மறுபடி பாதியாயிற்று.

"அப்ப அவங்கள வாசல்ல வந்து நிக்கச் சொல்லுங்க. நிக்க முடியும் இல்ல?"

"நிப்பாங்க டீச்சர். உக்காரத்தான் முடியாது."