பனியில் நின்ற பச்சைக் கார்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டோர்வால் ஏரிப் பூங்காவுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பஞ்சத்தில் வேலையில்லாத இளைஞர்களை வைத்து அரசாங்கம் கட்டிய கல் கோபுரம். ஏறினால் ஏரி தெரியும், ஏறாவிட்டாலும் தெரியும். இன்னொன்று, குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் நடுவே நிறுத்தும் ஓட்டைக் கார். பனி இளகி அது என்றைக்கு மூழ்கும் என்று ஊரே தேதி சொல்லிச் சீட்டு வாங்கும். சரியாகச் சொன்னவருக்குப் பரிசு; மீதி வசூல் பூங்காவின் சறுக்குமரத்துக்குப் போகும்.

இரண்டையும் பராமரித்தவர் ஆரின் ட்வைட். காரின் எஞ்சினைக் கழற்றுவது, எண்ணெயை வடிப்பது, மூழ்கியபின் இழுக்கச் சங்கிலி கட்டுவது, சீட்டு விற்பது, எல்லாம் அவர்தான். பாதி ஆயுள் அதிலேயே போயிற்று. குறை சொன்னதில்லை. மினசோட்டாவில் யாரும் சொல்வதில்லை.

ஒரு வருஷம் ஓட்டைக் கார் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அதற்காகக் கூட்டிய ஊர்க் கூட்டத்துக்கு வந்தவர்கள் தலையைக் குனிந்து காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கொட்டகையில ஒண்ணு சும்மா நிக்குது," என்றார் ஆரின்.

அது அவர் மனைவி மார்லிஸின் பச்சைக் கார். நன்றாக ஓடுகிற கார். மார்லிஸ் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பனிமேல் கொண்டுபோய் நிறுத்திய மறுநாளே அவருக்கு மனம் மாறிவிட்டது. அந்தக் கார் திரும்ப வேண்டும், எப்படியாவது வேண்டும் என்றிருந்தது. ஆனால் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது அந்த ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். பேசாமல் சீட்டு விற்க உட்கார்ந்தார்.

முதலில் தூண்டில் கடை லவோன் வந்தாள்.

"ஜூலை நாலு போட்டுக்கோ."

"ஏப்ரலைத் தாண்டி இங்க பனி நின்னதே இல்ல, லவோன்."

"இந்த வருஷம் நிக்கும்னு தோணுது."

அடுத்து போதகர் ஹௌகன் ஆகஸ்ட் கேட்டார்.

"போதகரே, ஆகஸ்ட்ல இங்க ஜனங்க நீச்சல் அடிப்பாங்க."

"நம்பிக்கைதானே என் தொழிலு. எழுதுங்க."

தபால்காரர் அடுத்த வருஷத்துத் தேதி கிடைக்குமா என்று விசாரித்தார். மார்லிஸ் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. ஆரினும் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மீன் பிடிக்க சிகாகோவிலிருந்து வந்த ஒருவர் மட்டும், விவரம் தெரியாமல், ஏப்ரல் நடுவில் ஒரு தேதி வாங்கினார். வரிசையில் நின்றவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஏப்ரல் நடுவில் ஒரு மத்தியானம் கார் மூழ்கிவிட்டது. வழக்கமாகக் கரையில் கை தட்டுவார்கள். அன்றைக்குத் தட்டவில்லை.

காரை இழுத்த சனிக்கிழமை பரிசு வாங்க சிகாகோக்காரர் வந்திருந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட அது கரையேறுவதைப் பார்த்துவிட்டு, "நல்ல வண்டியாட்டம் இருக்கே, யாரோடது?" என்றார்.



"மார்லிஸோடது," என்றார் ஆரின். "என் பொண்டாட்டி. போயிட்டா."

சொல்லிவிட்டு, சங்கிலியைக் கையில் பிடித்தபடியே வாய்விட்டு அழுதார். அடக்கச் சடங்கில்கூட அவர் அழவில்லை. ஊரார் எல்லோரும் ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். சிகாகோக்காரர் ஆரினையே பார்த்துக்கொண்டிருந்ததால், லவோன் அந்த மனிதரின் தோளைப் பிடித்து அவரையும் ஏரிப் பக்கம் திருப்பிவிட்டாள்.