நாக்குக்கடியில் கரையும் மாத்திரை

மூன்றாம் வகுப்போடு எனக்குப் படிப்பு முடிந்தது. ஆனாலும் திரேஸ்புரம் கரையில் சொந்த வள்ளம் விட்டவன் நான். புரியாததைக் கண்டால் கேட்காமல் விட மாட்டேன். முன்னுக்கு வந்ததே அப்படித்தான்.

என் தங்கச்சி மாப்பிள்ளை என் வள்ளத்தில் சங்கெடுக்க முங்குகிறவர். தோள்வலிக்குப் போட ஆரம்பித்த வலி மாத்திரை, வலி போன பிறகும் அவரை விடவில்லை. ஒருவேளை தவறினால் உடம்பு நடுங்கும், வயிறு போகும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கொடுத்ததும் ஒரு மாத்திரைதான். விழுங்கக் கூடாது, நாக்குக்கடியில் கரைய வேண்டும், அதுவரை பேசக் கூடாது. வாய் ஓயாத மனிதர் ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

“கல்யாணத்தன்னைக்கே இத குடுத்திருக்கலாம்ண்ணே” என்றாள் தங்கை.

எனக்கு ஒரே குடைச்சல். போதைக்கு இன்னொரு போதையா? டாக்டரம்மாவிடமே கேட்டேன். அதே இனம்தான், ஆனால் அளவாகக் கொடுத்தால் கிறக்கம் தராமல் ஏக்கத்தை அடக்கும் என்றார். எப்போது நிறுத்தலாம் என்றேன். அவசரப்பட்டால் பழையதற்கே திரும்பிவிடுவார், வருஷக்கணக்கில் போட்டாலும் தப்பில்லை என்றார். இப்போதைக்கு முங்க வேண்டாம், மேல்வேலை பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் மேலும் மேலும் கேட்டதில் நர்ஸம்மா சிரித்துவிட்டார்.

மேல்வேலை என்றால் முங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது. அந்தக் காலத்தில் மச்சினன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவள் தாலியை அவன் அறுக்க மாட்டானே. இப்போது நம்பிக்கையான கை போதும். அந்த நம்பிக்கைதான் இவருக்குக் கிடைக்கவில்லை.

“மாத்திர போடுத கையில உசுரக் குடுக்கவா அண்ணாச்சி?” என்றான் என் வள்ளத்தில் முங்குகிற ஒருவன்.

மச்சான் காதில் அது விழுந்தது. “நான் வீட்டுக்குப் போறேன் மச்சான். சும்மா கெடந்தா பழைய நெனப்பு வந்திரும், அதான் பயம்.”

அவர் அக்காதான் என் வீட்டுக்காரி. முறையும் சரிதான். அவரையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி, கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை அவரிடம் கொடுத்தேன். வயசு என்ன வயசு, என்னைப்போல் மூச்சடக்க இன்றைக்கும் ஆளில்லை.

கீழே நான் சங்கு தேடவில்லை. அந்தக் கை என்ன செய்கிறது என்றே கவனித்தேன். நான் நகர்ந்த பக்கமெல்லாம் கயிறு தொய்யாமல், வெட்டி இழுக்காமல் கூடவே வந்தது. கயிற்றை லேசாக அசைத்தேன். அடுத்த நொடி மேலே ஏறிக்கொண்டிருந்தேன்.

“சங்கு எங்க மச்சான்?” என்றார்.

“நான் சங்குக்கா போனேன்?”

முதலில் மறுத்தவன் கயிறு எப்படி என்று கேட்டான். “முங்கிப் பாருலே” என்றேன்.

அவன் மச்சானின் கையைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு என் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.