சுவரை நக்கிய மகளை அடித்தேன்

என் ஒன்றரை வயது மகள் திடீரென்று சுவரை நக்கத் தொடங்கினாள். சேட்டை என்று நினைத்து இரண்டு முறை கன்னத்தில் அடித்துவிட்டேன். மூன்று வேளையும் அவளுக்கு ஏத்தன் வாழைக்காய்ப்பொடியில் காய்ச்சிய கஞ்சியும் பாலும்தான். இது போதுமா என்று நான் கவலைப்பட்டால், "ஏட்டி, பிள்ளை கொழுகொழுன்னுல்லா இருக்கா! ஒனக்கு எப்பவும் பயந்தான்" என்பார் மாமியார்.

ஒருநாள் மகள் நாலடி நடந்ததும் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். வடசேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் அவள் கீழிமையை இழுத்துக் காட்டினார். உள்ளே வெளுத்திருந்தது.

"ரத்தம் ரொம்பக் குறைவும்மா. பாலுலயே வயிறு நிறைஞ்சிருக்கு, இரும்புச்சத்து போகல. அதனாலதான் சுவரை நக்கியிருக்கா."

இப்போது மருந்தோடு முட்டை, முள்ளெடுத்த மீன், பருப்பு, கீரை கொடுக்கிறேன். பால் அளவோடுதான். ஞாயிறுதோறும் வெளிச்சத்தில் கீழிமையின் உள்ளே சிவந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறேன். நான் கை நீட்டியதும் அவள் கன்னத்தை மூடிக்கொள்கிறாள்.