தொய்வில்லாத கேபிள்

என் ஸ்கூட்டருக்கு என்னைவிட வயது அதிகம்; மரியாதை குறைவு. பழவேற்காட்டு உப்புக் காற்றில் அதன் கியர் கேபிள் அறுந்ததில் ஆச்சரியமில்லை, அறுந்த நாள்தான் மோசம். மறுநாள் காலை பத்து மணிக்கு மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் என் மனைவிக்கு இண்டர்வியூ. ஏரியில் கையால் தடவி நண்டு பிடித்து விரலெல்லாம் வெட்டுப்பட்டவள், மாதச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை. "பஸ்சுலயே போய்க்கிறேன்" என்றாள். நான்தான் விடவில்லை.

பழைய ஸ்கூட்டரில் கியர் இடது கைப்பிடியில் இருக்கும். திருகினால் ஒரு கேபிள் கியரை ஏற்றும், இன்னொன்று இறக்கும். புதுக் கேபிள் கொடுத்த மெக்கானிக், "ரெண்டுலயும் கொஞ்சம் லூசு வையி" என்று படித்துப் படித்துச் சொன்னார். வலை கட்டிப் பிழைப்பவனிடம் பேசுகிற பேச்சா அது? எங்களிடம் கயிறு தொய்ந்தால் வலை சரியும், மீன் போகும், நாலு பேர் சிரிப்பார்கள். வண்டிமேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வலைக்கயிற்றை இழுக்கிற மாதிரி இரண்டையும் இழுத்து முடுக்கினேன். சுண்டிப் பார்த்தேன். டிங் என்றது. எனக்கு ஒரே பெருமை.

காலையில் இரண்டாம் கியர் விழுந்தது. அதற்கப்புறம் கைப்பிடி அசையவே இல்லை.

"ஓட ஓட இளகிடும்" என்றேன்.

வண்டி அலறிய அலறலுக்கு ஏற்ற வேகம் இல்லை. காட்டூர் வருவதற்குள் மொபெட்டில் போன பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டி, திரும்பி வேறு பார்த்துவிட்டுப் போனார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. அவள் என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துயா."

"நிறுத்துனா ஆஃப் ஆயிடும்."

"ஆவட்டும்."

இறங்கினாள், கை காட்டினாள், பஸ் ஏறிப் போயே விட்டாள்.

ஓரமாக உட்கார்ந்து, மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே இரண்டு கேபிளையும் கொஞ்சம் தளர்த்தினேன். நாலு கியரும் ஒழுங்காக விழுந்தன. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கம்பெனி வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் என்ன, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னா கேட்டாங்க?"

"அவ்ளோ தூரத்துலேர்ந்து டெய்லி டைமுக்கு எப்டி வருவேனு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"எங்க ஊட்ல வண்டி கெடையாது, பஸ்சுலதான் வருவேனு சொன்னேன்."

சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.