சபை வீட்டு ஜன்னல்

மலிவு வாடகை வீட்டில் இருப்பவருக்கு வாய் இருக்கக்கூடாது என்பதை எங்கள் திருச்சபைக் குழுத் தலைவரிடம்தான் படித்தேன். என்னைப்போல் தன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கென்று சபை குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் பழைய வீடு அது. ஜன்னல்களில் பச்சைப் பெயின்ற் செதில் செதிலாகக் கழன்று நிற்கும். என் இரண்டு வயது மகள் அதை உரித்து வாயில் போட்டாள். "இனிக்குது அம்மா" என்றாள்.

பிள்ளை சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கியதும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறது என்றார் டொக்டர். பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், அது பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும், நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், தூசி பறக்கவே கூடாது என்றும் சொன்னார். அப்படியே போய்த் தலைவரிடம் சொன்னேன்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறியளோ, ரீச்சர்? உந்த வீட்டிலை வளந்ததுகள் எல்லாம் டொக்டராயும் எஞ்சினியராயும் நிக்குதுகள்."

"தானமில்லை ஐயா. மாதா மாதம் வாடகை தாறன்."

அந்த வாய்க்குத்தான் தண்டனை. நத்தார்ப் பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பெயின்ற் அடிக்கிறவரை அனுப்பிவிட்டார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வர, அந்த ஆள் பழைய பெயின்றைக் காய்ந்தபடியே சுரண்டிக்கொண்டு நிற்கிறார். தரை, பாய், சோற்றுப்பானை எல்லாம் பச்சைத் தூசி. நடுவில் என் மகள் விரல் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி விட்டால் வேலை இழுபடும் எண்டு ஐயா சொன்னவர்," என்றார். நான் ஏசிய ஏச்சைப் பற்றிச் சபைக்குள் இன்னும் கதைக்கிறார்களாம். கதைக்கட்டும்.

அடுத்த பரிசோதனையில் ஈயம் இன்னும் கூடியிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடுப்பிட்டிக்கு, அண்ணை வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது மூன்று வயது. பேச்சிலும் விளக்கத்திலும் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறாள், இனிப் பார்த்துத்தான் சொல்லலாம் என்கிறார் டொக்டர். தலைவரை மன்னிக்கச் சொல்லி வேத வசனத்தோடு வந்தவர்களும் உண்டு. வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். எனக்கு அந்த மனிதரில் வெறுப்புத்தான், அதை மறைக்க மனமில்லை.

போன மாதம் அந்த வீட்டை ஒரு புது ரீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு வயிற்றில் பிள்ளை. உடனே பஸ் ஏறினேன். கேற்றடியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேலாலை அடிச்ச வெள்ளைப் பெயின்றுக்குக் கீழை, சுரண்டினது போக மிச்சப் பச்சை அப்பிடியே கிடக்குது, தங்கச்சி. பிள்ளை பிறக்க முதல் இந்த வீட்டை விட்டு வெளிக்கிடுங்கோ."

அவள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் வருவியள், உப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு ஐயா முதலே சொன்னவர், அக்கா," என்று கேற்றைச் சாத்தினாள்.